இரண்டாவது சாவி

"திருடன் வந்தா ஏதாச்சும் களவு போகும். என் காம்பராவுல ஒண்ணுமே களவு போகலைங்கய்யா. அதுதான் பயமா இருக்கு."

ராசம்மா இப்படிச் சொன்னதும் துப்பறியும் அம்பலவாணர் உதட்டுக்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஜன்னலோரம் நின்றிருந்த அவருடைய உதவியாளன் மூக்கன் திரும்பிப் பார்த்தான். வெளியே ஆடி மாதத்து மழை ஹட்டன் பஜாரின் தகரக் கூரைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

அது ஐம்பத்து நாலாம் வருஷம். அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். பொலிசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துத் தங்கிவிட்டார். மூக்கன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். துரையின் தொப்பையைப் பற்றி அவர் முன்னாலேயே ஒரு பகிடி சொல்லப்போய் வேலையை இழந்தான். துரைக்குத் தமிழ் தெரியும் என்று யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"பிள்ளை, ஆறுதலாச் சொல்லும். எங்கை இருக்கிறீர்?" என்றார் அம்பலவாணர்.

"டிக்கோயா ரோட்டுலங்க. சாப்பாட்டுக்கட பொன்னையா மொதலாளி வீட்டுப் பின்காம்பரா."

அவளுக்கு முப்பது வயதிருக்கும். வெறுங்கழுத்து, வெறுங்கை. வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் புருஷன் மரம் விழுந்து செத்துப்போன பிறகு, லயத்தில், அந்த வரிசை வீட்டில், அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹட்டனுக்கு வந்து தையல்கடையில் காஜா எடுத்தும் பொத்தான் தைத்தும் பிழைக்கிறாள். காலையில் பூட்டிவிட்டுப் போனால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவாள்.

"என்ன வித்தியாசத்தைக் கண்டனீர்?"

"டிரங்குப்பெட்டி எடம் மாறியிருக்குதுங்க. சொவத்தோரம் வச்சிட்டு போறேன், வந்து பாத்தா ஜன்னலுக்குக் கீழ கெடக்கு. ஜன்னல் சீல ஒதுங்கியிருக்கு. சித்திரைக்குப் பொறகு இப்படித்தான். நான்தான் மறந்து தொலைக்கிறேன்னு நெனச்சேன். ஆனா போன வாரம்..." அவள் நிறுத்தினாள். "காய்ச்சல்னு வேலைக்குப் போகல. தாப்பாளப் போடாம, சாவியால மட்டும் பூட்டிட்டுப் படுத்திருந்தேன். பகல்ல சாவி திரும்பற சத்தம் கேட்டுச்சு. மொதலாளி கதவத் தொறந்துக்கிட்டு நிக்கிறாரு."

"தட்டினவரோ?"

"தட்டலைங்க, கூப்பிடலைங்க. நான் சேலய இழுத்து மூடிக்கிட்டேன். என்னையக் கண்டதும் அவரு மொகம் வெளுத்துப்போச்சு. ஒரு வார்த்தை பேசாம கதவச் சாத்திட்டுப் போயிட்டாரு."

"வளை மாறி எலி நொழைஞ்சிருச்சாக்கும்," என்றான் மூக்கன்.

அவள் சிரிக்கவில்லை. "லயத்துல இருந்தப்ப, வேலைக்கு எழுப்பறேன்னு வேலய மேற்பாக்கிற கண்டாக்கு நெனச்ச நேரம் கதவ ஒதைச்சுத் தொறப்பாரு. அது தோட்டத்துக் கதவு, நாங்க வாய் தொறக்க முடியாது. இது நான் வாடகை குடுக்கிற கதவுதானே, அண்ணே? உள்ள வந்து தாப்பாளப் போட்டா யாருக்கும் பயப்படத் தேவையில்லன்னு ரெண்டு வருஷம் நிம்மதியாத் தூங்கினேன். இப்பத் தூக்கமே இல்ல. வேற எடம் பாக்கலாம்னா, தனிப் பொம்பளைக்கு யாரு குடுப்பா?"

மூக்கனும் லயத்தில் பிறந்தவன்தான். அப்படிக் கதவு உதைபடும்போது அடுப்படியில் சேலையை மறைப்பாகக் கட்டிக் குளித்துக்கொண்டிருந்த அவன் அம்மா, ஈரத்தோடு சுவரில் ஒட்டிக்கொள்வாள். வாய்வரைக்கும் வந்த அடுத்த பகிடியை அவன் விழுங்கிவிட்டான்.

*

பொன்னையா கடையில் சாப்பாட்டு நேரத்துக் கூட்டத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, ராசம்மா அவர்களைப் பின்வழியாக அழைத்துப்போனாள். முன்வீட்டில் சத்தம் எதுவும் இல்லை. பொன்னையாவின் மனைவி அழகம்மா பக்கவாதத்தில் விழுந்து வெகுநாளாகிறது, காலும் வராது பேச்சும் வராது என்று மட்டும் ராசம்மா சொன்னாள்.

பின்னறை சின்னது, துப்புரவானது. சிமெந்துத் தரை. ஒரு பாய், ஒரு அடுப்பு, ஒரு டிரங்குப்பெட்டி. கொல்லைப் பக்கம் பார்த்த ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். அதற்கு அப்பால் ஓடை, ஓடைக்கு அந்தக் கரையில் தேயிலைத் தோட்டம். பறித்த கொழுந்தை நிறுக்கிற தகரக்கொட்டகை ஒன்று நேர் எதிரே தெரிந்தது. மடுவம் என்பார்கள். பகல் நிறுவைக்காகப் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள்.

அம்பலவாணர் ஜன்னலை விட்டு நகரவில்லை. கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்தது. கீழ்ப்பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்த தடம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

"மூக்கன், நேற்றுத் துடைச்ச தடம் இது. நீர் வெளியாலை பார்க்க வேணுமெண்டா எவடத்தைத் துடைப்பீர்?"

மூக்கன் கையை நீட்டினான். அவன் கை வைத்த இடம் அந்தத் தடத்துக்கு வெகு மேலே இருந்தது. "இவ்வளவு கீழ தொடைக்கிறவன் குள்ளனாத்தான் இருக்கணும்யா."

"அல்லது டிரங்குப்பெட்டிக்கு மேலை இருந்தவராக்கும்."

ஜன்னல் கட்டையின் இடுக்கிலிருந்து அவர் எதையோ நகத்தால் கிளப்பி எடுத்தார். பச்சைக் கண்ணாடி வளையலின் ஒரு துண்டு.

ராசம்மா தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டாள். "என்னோடது இல்லைங்க."

மூக்கனுக்குச் சுருக்கென்றது. பெண்சாதி படுக்கையில் கிடக்க, வாடகைக்காரி வேலைக்குப் போன பிறகு, இந்த அறைக்குள் எவளையோ கூட்டிக்கொண்டு வருகிறார் மொதலாளி! அவன் பல்லைக் கடித்தான். "ஐயா, என் பேரே மூக்கன். இதுல எனக்கு நாத்தம் அடிக்குது."

"மணக்கிறதெல்லாம் நாத்தமில்லை. கொஞ்சம் கோதுமை மா எடும், பிள்ளை."

வாசற்படிக்கு உட்பக்கம் தரையில் மாவை மெல்லிதாகத் தூவச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் மாலை மூவரும் கதவைத் திறந்து பார்த்தபோது மாவில் காலடிகள் இருந்தன. வெறுங்கால். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே ஆள்தான். வலது பெருவிரல் உள்நோக்கி வளைந்திருந்தது. விரல்கள் எல்லாம் விரிந்து, பாதம் அகலமாகப் பதிந்திருந்தது.

"பெருவெரலு மொதலாளிது. கடையில எல வைக்கிறப்ப பாத்திருக்கேன்," என்றான் மூக்கன். "ஆனா இந்த அகலம்? மொதலாளி காலு வத்தக் காலாச்சே. ஒரே நாள்ல சத பிடிச்சிருச்சா?"

"நல்ல கேள்வி. இன்னொரு கேள்வியும் இருக்கு. வளையல் போட்ட பொம்பிளைக்குக் கால் இல்லையோ?"

"பறந்து வந்தாளோ என்னவோ! போதும்யா. மொதலாளிதான்னு தெரிஞ்சுபோச்சு. மத்தது எதுக்கு? இந்தத் தங்கச்சி இன்னைக்கு ராத்திரி எப்படித் தூங்கும்?"

அம்பலவாணர் யோசித்தார். "நீர் சொல்லுறதும் நியாயம். வாடகைக்குக் குடுத்தாப் பிறகு வீட்டுக்காரனுக்கு அந்தக் கதவில உரிமை இல்லை. புதுப் பூட்டுப் போடும். நான் வழக்கு விஷயமாய்க் கண்டிக்குப் போக வேணும். வந்து மிச்சத்தைப் பார்ப்பம்."

மூக்கன் பஜாருக்கு ஓடி, இருந்ததிலேயே பெரிய ஆமைப்பூட்டாகப் பார்த்து வாங்கி வந்தான். அவனே கொண்டியை அறைந்து பூட்டை மாட்டினான். ஒரே சாவிதான். அதை ராசம்மாவின் கையில் வைத்தபோது அவள் கண் கலங்கிவிட்டது. அன்று வீடு திரும்பும்போது மூக்கன் விசிலடித்துக்கொண்டே நடந்தான்.

*

அம்பலவாணர் கண்டியிலிருந்து திரும்பி வந்த அன்று காலையில் மழை சற்று விட்டிருந்தது. ரயிலடியில் மூக்கன் காத்திருந்தான்.

"தங்கச்சி நல்லாத் தூங்குதாம்யா. டிரங்குப்பெட்டியும் நடமாடுறத விட்டிருச்சு."

 ரயிலடி மேடையில் ஒரு கூலியாள் அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். ஈரமான சிமெந்தில் அவன் பாதம் அகலமாகப் பதிந்தது. மூட்டையை வண்டியில் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அதே பாதம் ஒடுங்கிப் பதிந்தது. அம்பலவாணர் அங்கேயே நின்றுவிட்டார்.

"மூக்கன், இஞ்சை பாரும். மொதலாளிக்குச் சதை பிடிக்கேல்லை. அவர் பாரம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். போகேக்கையும் பாரம், வரேக்கையும் பாரம்."

"என்ன பாரங்கய்யா?"

"நடக்க ஏலாத ஒரு பாரம். கையில வளையல் போட்ட பாரம். டிரங்குப்பெட்டியில இருத்தினா, யன்னலின்ர கீழ்ப்பக்கம்தான் கைக்கு எட்டும்."

மூக்கனுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று.  "பெண்சாதியவா? அவுங்களத் தூக்கிட்டு வந்தா உக்கார வச்சாரு? எதுக்குய்யா? அந்த ஜன்னல்ல மடுவத்தத் தவிர ஒண்ணுமே தெரியாதே?"

"பொன்னையாவுக்குப் பிள்ளைகள் இல்லையோ?"

"ஒரு பொண்ணு இருந்துச்சு. மீனம்மா. லயத்துப் பையன் மாயாண்டிய நம்பி வீட்ட விட்டுப் போயிருச்சு. எனக்கு மகளே கெடையாதுன்னு மொதலாளி தலையில தண்ணிய ஊத்திக்கிட்டாரு. கொத்மலைப் பக்கம் போனதாத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"கொத்மலையில இருந்து சித்திரையில இந்தத் தோட்டத்துக்கு மாறி வந்திருக்கலாம்," என்றார் அம்பலவாணர்.

இருவரும் வேகமாக நடந்தார்கள். டிக்கோயா ரோட்டின் திருப்பத்துக்கு வருவதற்குள் பறைச்சத்தம் கேட்டது. மூக்கன் எந்த வீடு என்று யாரையும் கேட்கவில்லை.

அழகம்மா அன்று விடியற்காலையில் செத்துப்போயிருந்தாள்.

*

முற்றத்தில் பஜார்க்காரர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். ராசம்மா வேலைக்குப் போகாமல் உள்ளே பெண்களோடு இருந்தாள். பொன்னையா கொல்லைப் பக்கம் விறகுக் கட்டை ஒன்றின்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஈரமில்லை. அம்பலவாணரைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்கய்யா. பூட்டு விஷயமா வந்தீங்களா? நீங்கதான் போடச் சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"இல்லை, பொன்னையா. மகளின்ர விஷயமா வந்தனான்."

பொன்னையா மறுபடி உட்கார்ந்தார். 

"படுக்கையில விழுந்ததுல இருந்து அவ என் மூஞ்சியப் பாக்கல. மகளத் தொரத்தினவன்னு அவளுக்கு ஆத்திரம். வாய் வராது, கண்ண மூடிக்குவா. சித்திரையில ஒரு நாளு கூரை ஒழுகுதான்னு பாக்க அந்தக் காம்பராவுக்குப் போனேன். எதிர்ல மடுவத்துல நிக்குது எம்மக. தலையில கூடையோட. போயி அவகிட்ட சொன்னேன். அழுதா. மக்கியா நாளு தூக்கிட்டுப் போயி உக்கார வச்சேன். அன்னைக்குத்தான் என் கையப் புடிச்சா."

"அந்தப் பிள்ளையிட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா எதுக்குன்னு கேக்கும்ல. எதுக்குன்னு சொல்லணும்னா, எம்மகளப் பாக்கன்னு என் வாயால சொல்லணும். ஊரு பூரா மக செத்துட்டான்னு சொன்ன வாயிங்க இது."

பின்வாசலில் நிழல் விழுந்தது. ராசம்மா வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"பூட்டு போட்ட மறுநாளும் தூக்கிட்டு வந்தேன்," என்றார் பொன்னையா. "பூட்டப் பாத்தா. என்னையப் பாத்தா. அப்பறம் சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. கஞ்சிய வாயில வாங்கல. டாக்டரு ரெண்டாவது தடவ வாதம் அடிச்சிருச்சுன்னாரு. பூட்டுனாலதான் செத்தான்னு நான் சொல்லமாட்டேன். அது அந்தப் பொண்ணோட காம்பரா. நேத்து மனச தைரியப்படுத்திக்கிட்டுத் தையல்கடை வாசல் வரைக்கும் போனேன், கேட்டுப்புடலாம்னு."

"வந்தாரு," என்றாள் ராசம்மா.  "நான் பாத்தேன். பயந்து உள்ளுக்கு ஓடி ஒளிஞ்சிக்கிட்டேன்."

 அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, மொதலாளி, நானே அவுங்களத் தாங்கிப் புடிச்சு உக்கார வச்சிருப்பேனே. எத்தன மாசமா நான் என் காம்பராவுலயே பயந்து செத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? கத்திரிக்கோலத் தலமாட்டுல வச்சிட்டுப் படுத்தேன்."

பொன்னையா தலையைக் குனிந்துகொண்டார். அம்பலவாணர் மெதுவாகக் கேட்டார். "மகளுக்குச் சொல்லி அனுப்பினீரோ?"

பொன்னையா கண்ணை ஓடைப் பக்கம் திருப்பினார். ஓடைக்கு அப்பால் மடுவத்தில் பகல் நிறுவைக்கு ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள்.

மூக்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைப் பாலத்தை நோக்கி நடந்தான்.

*

மீனம்மா மெலிந்திருந்தாள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு நனைந்து கனத்துத் தொங்கியது. மூக்கன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடையைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் தள்ளிவிட்டு வரப்பில் இறங்கினாள்.

"எப்பண்ணே?"

"விடியக்காத்தால."

"பறைச்சத்தம் கேட்டுச்சு. யாரோன்னு நெனச்சேன்." சிறிது தூரம் ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அப்பாவா அனுப்பிச்சாரு?"

மூக்கனால் பொய் சொல்ல முடியவில்லை, உண்மையையும் சொல்ல முடியவில்லை. "வேணாம்னு சொல்லல தாயி."

"அம்மா என்னையக் கேட்டாங்களா? பேச்சு வராதுன்னாங்க. என்னைய மறந்துட்டாங்களோன்னு..."

பாலத்தின் மேல் வந்தபோது அவன் நின்றான். இதைச் சொல்லாமல் அவளை அந்த வீட்டுக்குள் அழைத்துப்போவது நியாயமாகப் படவில்லை. கையை நீட்டிக் காட்டினான். "அந்த ஜன்னல் தெரியுதுல்ல? சித்திரையில இருந்து ஒங்கம்மா அங்க உக்காந்துதான் ஒன்னையப் பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒங்கப்பா தூக்கிட்டு வந்து உக்கார வைப்பாராம்."

மீனம்மா அந்த ஜன்னலையே பார்த்தாள். பனி மூடிய கண்ணாடி வெறுமையாக இருந்தது.

"அதுவா?" என்றாள். "அங்க ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க. மூஞ்சி சரியாத் தெரியாது. வாடகைக்கு இருக்கிறவங்கன்னு நெனச்சேன். நெறுவைக்கு நிக்கிறப்ப பொழுது போகாம அவுங்களப் பாத்துக்கிட்டு நிப்பேன். ஒரு நாளு அவுங்க கையத் தூக்கினாங்கண்ணே."

"நீ?"

"எனக்கு யாரு கை காட்டப்போறா? பின்னால யாரு நிக்கிறான்னு திரும்பிப் பாத்தேன்."

  அவள் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிய தன் கையைப் பார்த்தபடி அவன் பக்கத்தில் நின்றான். அவளாக எழுந்திருக்கும்வரை அவளைத் தொடவோ அவசரப்படுத்தவோ இல்லை.

அவர்கள் வீட்டை அடைந்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. முற்றத்தில் இருந்த பஜார்க்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பொன்னையா வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தார். ஈரச் சாக்கோடும் சேற்றுக் காலோடும் வந்த மகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல உதடு அசைந்தது. அவள் நிற்கவில்லை, அவரைக் கடந்து உள்ளே ஓடினாள். அடுத்த நொடி உள்ளேயிருந்து அலறல் கேட்டது. பெண்கள் அவளோடு சேர்ந்து அழுதார்கள்.

பொன்னையா ஒரு காலைப் படியில் வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். கதவருகில் ராசம்மா நின்றிருந்தாள்.

"நான் உள்ள வரலாமா, தாயி?" என்று கேட்டார், தன் சொந்த வீட்டு வாசலில்.

ராசம்மா உள்ளே திரும்பிப் பார்த்தாள். மீனம்மா தாயின் கையைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த மெலிந்த மணிக்கட்டில் இரண்டு பச்சை வளையல்கள் ஏறி இறங்கின.

"கொஞ்சம் பொறுங்க, மொதலாளி," என்றாள் ராசம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. "அது அழுது முடிக்கட்டும்."

பொன்னையா தலையாட்டினார். படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு, மழையில் நின்றார்.